நாவலிற் பின்னோக்கும் கடந்தகால ஏக்கமும்

கழிந்ததை எண்ணி இரங்குதல் மாந்தர்க்கு இயல்பு. அவ்விரக்கத்தை ஒருவர் வாயாற் சொல்லும்போது அது பழங்கதை எனப்படும். நாவலாசிரியன் அதனைத் தன் கதைப்போக்கின் நடுவே அமைத்து, நிகழுங் காலத்தை நிறுத்திவைத்து, முன்னைக் காலத்திற்கு வாசகனை அழைத்துச் செல்லும்போது அது பின்னோக்கு உத்தி எனப் பெயர் பெறுகின்றது. திறனாய்வு நூல்கள் இதனைக் கதையமைப்பின் ஒரு கூறாகவே பெரிதும் விளக்குகின்றன. தேர்வுக்குப் படிக்கும் மாணவரும், முன் நிகழ்ந்ததைப் பின் கூறல் என ஒரு வரியில் எழுதி முடித்துவிடுகின்றனர். ஆயினும், முன் நிகழ்ந்ததைப் பின் கூறும் இடங்களிலெல்லாம் ஏக்கம் இருப்பதில்லை. எங்கே இருக்கின்றது, அதனை எவ்வாறு கண்டுகொள்வது, கண்டபின் அதனை எவ்வளவுக்கு நம்புவது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்களை எம்முள்ளத்தில் முதலில் எழுப்பியவள் எமது உறவினளான மூதாட்டி ஒருத்தி. எமது ஊர் மருதமுனை. கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் இடையே, கடலை ஒட்டிக் கிடக்கும் நெசவாளர் ஊர் அது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி எழுந்த கடற்கோள் எம்மூரின் கரையோரத்தைத் துடைத்துச் சென்றது. அதன்பின் கிழக்குக் கரையிற் கடலிலிருந்து 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என்ற விதி வந்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டதாயினும், மூதாட்டி தன் பழைய வளவுக்கு மீளவில்லை. கிடைத்த புதுவீட்டின் முன்றிலில் அமர்ந்து, போன வீட்டைப் பற்றிப் பேசுவதே அவள் பொழுதாயிற்று. முதலாண்டிலே அவ்வளவில் மூன்று தென்னைகள் நின்றன. சில ஆண்டுகளில் அவை ஏழாயின. பின்னர் அது தோப்பாயிற்று. கிணற்று நீரோ கற்கண்டாயிற்று. ஒரு நாள் அந்நீரின் சுவையை அவள் எமக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அருகில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவள் மகள் தலை நிமிராமலே, “அந்தக் கிணத்துத் தண்ணி உப்பு, உம்மா. நல்ல தண்ணிக்கு நான்தானே குடத்தோட நடந்து திரிஞ்ச” என்றாள். மூதாட்டி சினக்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, மீண்டும் தென்னைகளிலிருந்து தொடங்கினாள்.

தாயும் பொய் சொல்லவில்லை, மகளும் பொய் சொல்லவில்லை. ஒரே வளவை ஒருத்தி இழந்த பொருளாக நினைக்கின்றாள். மற்றவள் தான் உழைத்த இடமாக நினைக்கின்றாள். இவ்விரு நினைவுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து காட்டும் நாவலாசிரியனே பின்னோக்கு உத்தியின் முழுப் பயனையும் பெற்றவன் என்பது எமது கருத்து. அதனை இரண்டு மூன்று நாவல்களைக்கொண்டு நிறுவ முயல்வோம்.

முதற்கண் ஏக்கமில்லாத பின்னோக்கு எத்தகையது என்பதைப் பார்த்துவிடுதல் நலம். தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் இவ்வுத்தி பெரும்பாலும் முடிச்சவிழ்க்கும் கருவியாகவே பயன்பட்டது. ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனப் பலராலும் கொள்ளப்படும் சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885 இல் வெளிவந்தது. குழந்தைப் பருவத்திலே பெற்றோரைப் பிரிந்த தலைவன் இன்னார் மகன் என்பது அங்கே பின்னர்த் தெரியவருகின்றது. வாசகன் அறிய விரும்புவது, இவன் யார் என்பதனையே. அதனை அறிந்ததும் முன்னைக்காலம் தன் வேலையை முடித்துக்கொண்டு விலகிவிடுகின்றது. துப்பறியும் கதையிற் கொலை நடந்த விதத்தைக் கடைசி அத்தியாயத்திற் கூறுவதும் இவ்வகையினதே. இங்கே முன்னைக்காலம் ஒரு செய்தி. செய்தி ஒருமுறை சொன்னாற் போதும். ஏக்கமோ ஒருமுறையிற் போதுமென்று அமைவதில்லை. சொன்னதையே மீண்டும் சொல்லத் தூண்டுகின்றது.

ஏக்கத்தோடு கூடிய பின்னோக்கினை மேனாட்டாரிடமிருந்து நாம் கடன்பெற்றோம் என்று எண்ணுவார் உளர். உத்தியின் பெயரைக் கடன்பெற்றிருக்கலாம், பொருள் பழையது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை தோன்றும் நிலைக்களன்களை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காக வகுக்கின்றது. இவற்றுள் அசைவு என்பதற்குப் பண்டை உரையாசிரியர் கண்ட பொருள் நோக்கத்தக்கது: முன்பிருந்த நிலை கெட்டு, வேறொரு நிலையை அடைந்து வருந்துதல். ஒரு பொருளை அல்லது உறவை இழத்தல் இழவு. இழந்தவன் தானே வேறொருவனாக மாறிவிட்டதை உணர்தல் அசைவு. கடந்தகால ஏக்கம் என நாம் இன்று கூறுவது இழவினும் அசைவுக்கே நெருக்கமானது. போன வீட்டுக்காக அழுபவள், அவ்வீட்டில் இருந்த தனக்காகவும் அழுகின்றாள்.

புறநானூற்றில் இதற்கு இரண்டு சான்றுகள் கைமேல் உள. பாரி மகளிர் பாடிய 112 ஆம் பாட்டு, சென்ற மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் அருகருகே வைக்கின்றது. நிலவு அதுவே, தந்தை இல்லை, குன்று தமதாயில்லை. இடையில் நிகழ்ந்த போரைப் பற்றிய விரிவு ஒன்றும் இல்லை. மாறாத ஒரு பொருளைக் காட்டி மாறியதை உணர்த்தும் இம்முறையைப் பின்னாளில் நாவலாசிரியர் பலர் கையாண்டனர். 243 ஆம் பாட்டோ ஒரு முதியவனின் கூற்று. பூண் கட்டிய தடியை ஊன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல நிலையில் உள்ளவன், இளமையில் மணற்பாவைக்குப் பூச்சூட்டியதையும், மகளிரோடு கைகோத்து நீராடியதையும், துறையருகே சாய்ந்து நின்ற மருதக் கிளையேறி மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டியதையும் நினைக்கின்றான். எமது ஊர்ப் பெயரிலும் மருதம் இருத்தலால் இப்பாட்டில் எமக்குத் தனிப் பற்று உண்டு என்பதை மறைப்பானேன்! அதனைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்து போய், பாட்டில் வரும் தடியினாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர் நின்றது. நினைக்கப்பட்ட இளமையால் அன்றி, நினைக்கும் முதுமையின் அடையாளத்தால் ஒரு புலவர் அறியப்படுகின்றார். இதனை மனத்திற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

கம்பரும் அசோகவனத்துச் சீதையை முதன்முதல் நமக்குக் காட்டும்போது அவள் நினைவுகளினூடாகவே காட்டுகின்றார். முடி சூடுக என்றபோதும் காடு செல்க என்றபோதும் மாறாதிருந்த இராமன் முகம், குகனை உறவாகக் கொண்ட அன்பு ஆகியன ஒவ்வொன்றாய் வருகின்றன. இக்கதைகளைக் கற்போர் முன்னமே அறிவர். செய்தியாக அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. இலங்கைச் சிறையிலிருந்து நினைக்கப்படுவதனாலேயே அவை புதியனவாகின்றன. ஆகவே, நினைக்கப்படும் பொருளைவிட, எவ்விடத்திலிருந்து நினைக்கப்படுகின்றது என்பதே ஏக்கத்தைப் பிறப்பிக்கின்றது என்று கொள்ளலாம்.

மேனாட்டில் இவ்வேக்கம் முதலில் நோயாகவே எண்ணப்பட்டது என்பது சுவையான செய்தி. யொகானஸ் ஹோபர் என்னும் மருத்துவர் 1688 இல், ஊர் திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அந்நோய்க்குப் பெயரிட்டார். தாயகத்தை விட்டுப் பிறநாடு சென்றோரிடத்து அவர் கண்ட மெலிவுக்கு இட்ட பெயர், பிற்காலத்தில் இடத்தை விட்டுக் காலத்திற்கு உரியதாயிற்று. இடத்திற்குத் திரும்பலாம், காலத்திற்குத் திரும்ப இயலாது. நாவலாசிரியனுக்குப் பின்னோக்கு உத்தி தேவைப்படுவது இவ்வியலாமையினாலேயே.

இனி, மொழியளவில் ஏக்கத்தைக் காட்டும் ஓர் அடையாளத்தைச் சொல்ல விரும்புகின்றோம். இதனைத் திறனாய்வாளர் அதிகம் எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. எம்மூர் முதியோர் பழைய நாட்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். “வாப்பா வருவார், கடலைக்கொட்டை கொண்டு வருவார், எல்லாருக்கும் பங்கு வைப்பார்” என்பார்கள். வாப்பா இறந்து அறுபது ஆண்டுகள் ஆயிருக்கும்; வினைமுற்றோ எதிர்காலத்தில் நிற்கின்றது! ‘வந்தார்’ என்றால் ஒருநாள் நிகழ்ந்து முடிந்தது. ‘வருவார்’ என்றால் நாள்தோறும் நிகழ்ந்தது. நிகழும் என்று எதிர்பார்க்கப்பட்டது. தமிழில் எதிர்கால வினையே இறந்தகால வழக்கத்தையும் உணர்த்துகின்றது. ஒருநாள் நடந்த விபத்தை நினைப்பவர் ‘வந்தார், விழுந்தார்’ என்பர். ஏங்குபவர் ‘வருவார், இருப்பார்’ என்பர். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஜெரார் ஜெனெத், மார்செல் புரூஸ்டின் நாவலை ஆராய்ந்து 1972 இல் எழுதிய நூலில், பலகால் நிகழ்ந்ததை ஒருகாற் கூறுதல் என்னும் முறை அந்நாவலிற் பெரிதும் ஆளப்படுதலை விரிவாகக் காட்டினார். தேநீரில் நனைத்த பண்டத்தின் சுவையிலிருந்து ஓர் ஊரும் ஓர் இளமைப்பருவமும் எழுந்துவருவதாக அமைந்தது அந்நாவல். ஜெனெத் பிரெஞ்சு வினை வடிவங்களிற் கண்டதை நம் பாட்டிமார் தம் நாவிலே வைத்திருக்கின்றனர். ஒரு நாவலின் பின்னோக்குப் பகுதியைப் படிக்கும்போது வினைமுற்றுக்கள் எவ்விடத்தில் ‘செய்தான்’ என்பதிலிருந்து ‘செய்வான்’ என்பதற்கு மாறுகின்றன என்று குறித்துக்கொண்டால், ஆசிரியன் செய்தியை விட்டு ஏக்கத்துள் நுழையும் வாயில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

இனி நாவல்களுக்கு வருவோம். கடந்தகால ஏக்கத்தையே கருவாகக் கொண்ட தமிழ் நாவல்களுள் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய ‘சாய்வு நாற்காலி’. 1997 ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதமிப் பரிசைப் பெற்றது அது. 1944 இற் பிறந்து 2019 இல் மறைந்த அவ்வாசிரியர், குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தைச் சேர்ந்தவர். அம்மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. ஆசிரியர் பள்ளியில் மலையாளம் கற்றவர். மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர். அவர் எழுதிய தமிழ், அக்கரையோர முஸ்லிம்களின் பேச்சை அப்படியே ஏந்திவருவது. எம்மவர் படிக்கும்போது சில சொற்கள் புரியாமலும், பல சொற்கள் மிக நன்றாகப் புரிந்தும் ஒரு வியப்பு உண்டாகும். கடல் ஒன்று, மார்க்கம் ஒன்று, மொழி ஒன்று, வழக்கு வேறு.

கதைத் தலைவன் முஸ்தபாக்கண்ணு. அவன் இருப்பது சவுதா மன்ஸில் என்னும் பெருவீடு. அவன் மூதாதை பவுரீன் பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மருக்குத் துணை நின்று அவருடைய மதிப்பைப் பெற்றவர் என்பது குடும்பப் பெருமை. மார்த்தாண்டவர்மர் ஆண்டது 1729 முதல் 1758 வரை. இருநூறு ஆண்டுப் பழைமையுள்ள அப்பெருமையை, உழைப்பின்றி ஒரு சாய்வு நாற்காலியிற் கிடந்தவாறே முஸ்தபாக்கண்ணு துய்த்து வருகின்றான். நிலங்கள் போயின. அதன்பின் வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாய் விலைபோகின்றன. விற்ற காசில் உண்பதும் மீண்டும் நாற்காலியிற் சாய்வதுமாகக் காலம் கழிகின்றது.

இந்நாவலிற் பின்னோக்கு எவ்வாறு அமைந்துள்ளது என்பதைக் கருதுக. கதை இடையிடையே முன்னோர் காலத்திற்குச் செல்கின்றது, மீள்கின்றது. செல்லுமிடத்திற் செல்வமும் வீரமும். மீளுமிடத்தில் வெற்றுச் சுவர். நினைவு விரிய விரிய வீடு சுருங்குகின்றது. ஏக்கத்திற்கும் விற்பனைக்கும் ஒரு தொடர்பை ஆசிரியர் ஏற்படுத்திவிடுகின்றார். முன்னோர் தேடிவைத்த பொருளை விற்றே முன்னோர் பெருமையை நினைக்கும் ஓய்வைப் பெறுகின்றான் முஸ்தபாக்கண்ணு. இறந்தகாலத்தை நினைப்பதற்கு அதனையே விறகாக எரிக்க வேண்டியிருக்கின்றது. நாற்காலி என்பதும் வெறும் தலைப்பன்று. எழுந்து நடப்பவனுக்கு முன்னாலுள்ளது தெரியும்; சாய்ந்து கிடப்பவனுக்குக் கூரைதான் தெரியும். புறநானூற்று முதியவனுக்குத் தடி எத்தகையதோ அத்தகையது இவனுக்கு நாற்காலி, ஒரு வேறுபாட்டோடு. தடி ஊன்றுபவன் இன்னும் நடக்கின்றான். அவன் தன் இளமையையே நினைத்தான். இவன் தான் வாழ்ந்திராத ஒரு காலத்தை நினைக்கின்றான்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. ஒருவன் தான் காணாத காலத்திற்கு ஏங்க முடியுமா? முடியும்; அதுவே மிக வலிய ஏக்கமாகவும் ஆகும். தன் இளமையை நினைப்பவனுக்கு அவ்விளமையின் பசியும் அடியும் ஓரளவேனும் நினைவில் இருக்கும். கேள்விப்பட்ட காலத்தில் பசி கிடையாது. முஸ்தபாக்கண்ணுவின் நினைவு சொன்னவர் வாய்வழி வந்தது. ஆதலின் வேண்டாதன நீங்கி, வேண்டுவன மட்டும் நின்ற நினைவு. எம்மூர் மூதாட்டியின் மூன்று தென்னை தோப்பானதற்குச் சில ஆண்டுகள் போதுமாயின. இருநூறு ஆண்டில் எவ்வளவு பெருகும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் அந்நினைவை அப்படியே நம்பி நமக்குத் தந்திருந்தால் ‘சாய்வு நாற்காலி’ ஒரு குலப்பெருமைக் கதையாய் முடிந்திருக்கும். அவர் அந்தப் பெருவீட்டில் ஒரு பிரம்பை வைத்தார். அதபுப் பிரம்பு என்பது அதன் பெயர். அதபு என்னும் அரபுச்சொல் ஒழுக்கத்தையும் மரியாதையையும் குறிப்பது. அவ்வழகிய சொல்லைப் பெயராகக் கொண்ட பிரம்பு வீட்டுப் பெண்களின் முதுகிற்கு உரியதாயிருந்தது. பரம்பரைச் சொத்துக்களெல்லாம் கைவிட்டுப் போகும் வீட்டில், மரியம் என்னும் மனைவி படும் துன்பம் மட்டும் போகாது நிற்கின்றது. முன்னோர் காலத்திற்குக் கதை செல்லும்போதும் மன்னர் தந்த மதிப்போடு, அவ்வீட்டு ஆண்களின் காமமும் கொடுமையும் உடன் வருகின்றன. வாளும் பிரம்பும் ஒரே காலத்தின் பொருள்கள். தலைவன் வாளை நினைக்கின்றான்; நாவல் பிரம்பையும் நினைக்கின்றது. தலைவனின் நினைவுக்கும் நாவலின் நினைவுக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியிலேதான் நூலின் உயிர் இருக்கின்றது. கிணற்று நீர் உப்பு என்று சொல்ல ஒரு மகளை அக்கதைக்குள் நிறுத்தினார் ஆசிரியர் எனலாம்.

முஸ்லிம் சமுதாயத்தை உள்ளிருந்தே இவ்வாறு எழுதலாமா என்று இந்நாவலைப் பற்றி எம்மோடு வழக்காடியோர் உண்டு. எழுதியதனாலேயே அச்சமுதாயம் இலக்கியத்தில் முழு உருவோடு நிற்கின்றது என்பது எமது விடை. பெருமை மட்டும் எழுதப்பட்ட மாந்தர் சுவரில் மாட்டிய படங்களாவர்.

அடுத்து நோக்கற்குரியது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972 இல் நூலாக வெளிவந்தது. 1920 இற் சிங்கம்புணரியிற் பிறந்த சிங்காரம், 1938 இற் சுமாத்திராத் தீவின் மெடான் நகருக்குச் சென்றார். போர் முடிந்தபின் 1946 இல் இந்தியாவுக்கு மீண்டார். 1997 இல் மறைந்தார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. இரண்டும் கடல் கடந்த தமிழரைப் பற்றியன. ‘புயலிலே ஒரு தோணி’யின் தலைவன் பாண்டியன். 1942 இல் யப்பானியப் படை மெடானுள் நுழைவதிலிருந்து கதை தொடங்குகின்றது. வட்டிக்கடைத் தமிழரிடையே வாழ்ந்த அவ்விளைஞன், தொங்கானில் ஏறிப் புயலைக் கடந்து பினாங்கு சேர்கின்றான். இந்திய தேசிய இராணுவத்திற் புகுகின்றான். போருக்குப்பின் ஒல்லாந்தரை எதிர்த்த இந்தோனேசிய விடுதலைப் போரிலும் கலக்கின்றான்.

இவ்வளவு நிகழ்ச்சிப் பெருக்குள்ள கதையில் நினைவுக்கு இடமேது என்று தோன்றும். ஆனால் அந்நாவலிற் படித்தவர் மறவாதிருப்பன, போர்க்காட்சிகளோடு ஒப்ப, மதுரை வீதிகளும் சின்னமங்கலத்துச் சந்தையுமே. பிறநாட்டுத் தெருவிலே நடந்துகொண்டிருக்கும் பாண்டியனுக்குள் ஊர் திடீரெனத் திறந்துகொள்கின்றது. இன்ன இடத்தில் நினைவு தொடங்கிற்று, இன்ன இடத்தில் முடிந்தது என்ற முன்னறிவித்தல் பெரும்பாலும் இல்லை. கடையின் பெயர், பண்டத்தின் பெயர், வந்துபோவோர் பேச்சு எனச் சிறு சிறு பொருள்களாகவே ஊர் வருகின்றது. கோபுரத்தை வருணிப்பதைவிடச் சந்தை இரைச்சலைக் கேட்பிப்பதிலேயே ஆசிரியருக்கு விருப்பம் அதிகம். ஏக்கத்தின் மெய்ம்மைக்கு இதுவும் ஓர் அளவுகோல். பொய்யேக்கம் பெரிய பெயர்களைச் சொல்லும். மெய்யேக்கம் சில்லறைப் பெயர்களைச் சொல்லும். அயலூரில் வேலை செய்யும் எம்மூர் இளைஞர் தொலைபேசியில் வீட்டாரிடம் கேட்பதும், ஊரின் வரலாற்றை அன்று. இன்றைக்கு என்ன மீன் பட்டது என்பதையே.

சிங்காரம் இதனை நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு அந்நாவலுள்ளேயே சான்று உண்டு. பாண்டியனும் மாணிக்கம் முதலான அவன் நண்பரும் கூடித் தமிழரின் பண்டைப் பெருமையைப் பற்றி உரையாடும் பகுதிகள் அதில் வருகின்றன. அங்கே ஆசிரியரின் எழுதுகோல் முற்றிலும் வேறாகின்றது. மூவேந்தர், கடாரம், கல்லணை என்ற பேச்செல்லாம் எள்ளலோடு சுழற்றி எறியப்படுகின்றன. தன் ஊர்ச் சந்தையை நினைத்துக் கசியும் அதே பாண்டியன், தன் இனத்தின் பொற்காலத்தைக் கேட்டு நகைக்கின்றான். முதன்முறை படித்தபோது இது முரணாக எமக்குத் தோன்றியது. மீண்டும் படித்தபோது, இரண்டும் ஒரே நேர்மையின் இரு முகங்கள் என விளங்கிற்று. சந்தையை அவன் கண்டான்; கடாரத்தை அவன் காணவில்லை. முஸ்தபாக்கண்ணு எதனைச் சாய்ந்து கிடந்து துய்த்தானோ அதனையே பாண்டியன் எள்ளி ஒதுக்குகின்றான். இருவரையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு, கடந்தகால ஏக்கம் என்ற ஒரே பெயரால் நாம் இருவேறு பொருள்களைக் குறித்துவருவது புலனாகும்.

பாண்டியன் முடிவு நாம் அறிந்ததே. ஊர் திரும்ப எண்ணிய வேளையிலே அவன் குண்டுக்கு இரையாகின்றான். வாழ்க்கையில் ஊர் திரும்பியவர் ஆசிரியர். கதையிற் பாத்திரத்தை அவர் திரும்பவிடவில்லை. திரும்பியிருந்தால், நினைவிலிருந்த சின்னமங்கலத்தை மண்ணிலிருந்த சின்னமங்கலத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கும். அவ்வொப்பீட்டை ஆசிரியர் செய்திருப்பாரா, அதனை அஞ்சித்தான் துப்பாக்கியை நீட்டினாரா என்பதெல்லாம் ஊகம். ஆயினும் திரும்பாதவன் நினைவே மாசுபடாது நிற்கும் என்பதைக் கிரேக்கர் காவியமும் மறுபுறமாக உணர்த்துகின்றது. பிறர் அவையிலே திரோயப் போர் பாடப்படக் கேட்டு அழுத ஒதிசியசு, ஊர் வந்து சேர்ந்தபோது அதனை முதலில் அடையாளமே காணவில்லை.

கடைசியாக எமது மாவட்டத்திற்கே வருவோம். அக்கரைப்பற்றுக்கு அருகே உள்ள கோளாவிற் பிறந்து, 1970 முதல் இலண்டனில் வாழும் இராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் எழுதிய ‘தில்லையாற்றங்கரை’ தன் பிறந்த ஊரையே களமாகக் கொண்டது. 1950 களின் பின்பகுதியிலும் 1960 களின் தொடக்கத்திலும் அவ்வூர்ப் பெண்பிள்ளைகள் வளர்ந்த வகையை அது கூறுகின்றது. அதனைப் பின்னோக்கு உத்தியுள்ள நாவல் என்பதைவிட, நூல் முழுவதும் ஒரே பின்னோக்கு என்பது பொருந்தும். நினைக்கப்படும் இடம் கோளாவில், நினைக்கும் இடம் கடலுக்கு அப்பால். அந்நூலில் ஆறும் வயலும் அழகாகவே வருகின்றன. அவ்வழகினூடே, படிக்க விரும்பிய பெண்ணுக்கு வீடும் ஊரும் இட்ட வேலிகளும் வருகின்றன. ஊரை விட்டுப் போனவள் ஊருக்காக ஏங்குகின்றாள். ஏங்கும்போதும் வேலியை மறக்கவில்லை. நிலத்தாலும் மொழியாலும் எமக்கு இவ்வளவு அண்மையில் உள்ள நாவலை எம்மூர் மாணவர் பலர் பெயரளவிற்கூட அறியாதிருத்தல் வருந்தற்குரியது. நூலகங்களில் முதலில் வைக்க வேண்டுவன இத்தகையனவே.

இப்பகுதியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்துக் கோத்தாற்போல் கிடக்கும் இக்கரையில், 1980 களின் நடுப்பகுதிக்குப் பிந்திய கொடிய ஆண்டுகளைக் கண்டவர்கள், அதற்கு முந்திய காலத்தை ஒரு சோலையாக நினைத்துப் பேசுகின்றனர். பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிற் சடங்கு, நெசவுச் சேலைகள் மாறிய கைகள், பெருநாட் பலகாரம் என்று அப்பேச்சு நீளும். அதில் உண்மை பெரிதும் உண்டு. யாமும் அதனைக் கேட்டு வளர்ந்தோம். ஆனால் அக்காலத்தை நாவலாக்க வரும் எழுத்தாளர், அச்சோலையில் அன்றே முளைத்திருந்த முட்களையும் நினைவில் வைத்தெழுதினாலன்றி, அவ்வமைதி பின் எவ்வாறு உடைந்தது என்பதை விளக்க இயலாது. ஏக்கத்தின் வழியே வரலாற்றை எழுதும்போது நேரும் இடர் இது. உடைந்தது திடீரென உடைந்ததாகவே தோன்றும்; உடைத்தவர் எப்போதும் அயலாராகவே இருப்பர்.

‘சாய்வு நாற்காலி’யின் சில பக்கங்களை ஒரு மாலை அம்மூதாட்டிக்கும் அவள் மகளுக்கும் யாம் படித்துக் காட்டினோம். சவுதா மன்ஸிலின் சிறப்பைக் கேட்டு மூதாட்டி பெருமூச்சு விட்டாள். “அந்த ஊட்டுல எத்தின அறை இருந்திருக்கும்?” என்று கேட்டாள். மகள் தறிக்குரிய நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்காமலே, “அவ்வளவு அறையையும் ஆரு கூட்டின?” என்று கேட்டாள்.